எம்.ஜி.பி. எஞ்சினில் வேக கேம்ஷாஃப்ட்: பழைய எஸ்.யூ. கார்புரேட்டர் போதுமா, வெபர் வேண்டுமா?

இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி. காரின் 1798 சி.சி. எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்கும் உரிமையாளர்கள், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, ‘ஃபாஸ்ட் ரோடு’ என்ற பெயரில் விற்கப்படும் வேக கேம்ஷாஃப்டைப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எஞ்சின் எப்படியும் திறந்து கிடக்கிறது, புதிய கேம்ஷாஃப்ட் ஒன்றை வாங்கித்தான் ஆகவேண்டும், சற்று வேகமானதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அந்த வேலை முடிந்து எஞ்சினை முதன்முறை ஓட்டிப் பார்க்கும்போதுதான், நேற்றுவரை காற்றோடு பெட்ரோலை ஒழுங்காகக் கலந்து கொடுத்த கார்புரேட்டர்கள் ஐட்லிங்கில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) தடுமாறுவதும், பாதி வேகத்தில் பெட்ரோலைக் கொட்டுவதும் தெரியவருகிறது. நம் ஊர் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், கீழே சொல்லப்போகும் பல செய்திகள் அந்த எஞ்சினோடு பழகியவர்களுக்கு அந்நியமாக இரா.

இந்த நிலையில் உரிமையாளர் முன் நான்கு வழிகள் உள்ளன: காரோடு வந்த இரட்டை எஸ்.யூ. ஹெச்.எஸ்.4 கார்புரேட்டர்களையே வைத்துக்கொண்டு, பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஊசிகளை மட்டும் மாற்றுவது, அவற்றைவிடப் பெரிய இரட்டை ஹெச்.எஸ்.6-க்குப் போவது, ஒரே ஒரு எஸ்.யூ. ஹெச்.ஐ.எஃப்.44-ஐப் போடுவது, அல்லது எஸ்.யூ.வை முற்றிலும் விட்டுவிட்டு வெபர் என்ற வேறு நிறுவனத்தின் 45 டி.சி.ஓ.இ. கார்புரேட்டர் ஒன்றைப் பொருத்துவது. சாலையில் ஓட்டுவதற்கான காராக இருந்தால் முதல் வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து. வெபருக்கு இருக்கும் பெயர் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த காரணங்களில் முக்கியமான ஒன்று இந்த எஞ்சினுக்குப் பொருந்துவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, கேம்ஷாஃப்ட் மாறும்போது எஞ்சினுக்குள் என்ன மாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எம்.ஜி.பி.யின் அசல் கேம்ஷாஃப்டில், பிஸ்டன் உச்சிக்கு வர 16 டிகிரி (கிராங்க்ஷாஃப்ட் சுழலும் கோணம்) இருக்கும்போது, கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறந்து, பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பிய பின் 56 டிகிரியில் மூடுகிறது. எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வோ அடிக்கு 51 டிகிரி முன் திறந்து, உச்சிக்கு 21 டிகிரி பின் மூடுகிறது. ஆக, இரண்டு வால்வுகளும் தலா 252 டிகிரி திறந்திருக்கின்றன. உச்சியில் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் காலம் 37 டிகிரி. 270 டிகிரி வேக கேம்ஷாஃப்டில் இந்த ஒன்றுசேர்ந்த காலம் 50 டிகிரியைத் தொடுகிறது, அல்லது தாண்டுகிறது. 4,000 ஆர்.பி.எம்.க்கு மேல் இது நன்மை செய்கிறது: வேகமாக வரும் காற்று தன் உந்துதலாலேயே சிலிண்டரை இன்னும் கொஞ்சம் நிரப்பிவிடுகிறது. ஆனால் ஐட்லிங்கில் த்ராட்டில் (காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடு) ஏறக்குறைய மூடியிருப்பதால், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயான இன்லெட் மெனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் அந்த நேரத்தில் எரிந்த புகை மெனிஃபோல்டுக்குள்ளேயே திரும்பிவந்து, அடுத்த சுற்றுக்கான புதுக் கலவையோடு கலந்துவிடுகிறது. புகை கலந்த கலவை மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் எரியும். அதை ஒழுங்காக எரியவைக்க ஐட்லிங்கில் மட்டும் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவும், தீப்பொறி சற்று முன்னதாகவும், ஐட்லிங் வேகம் 900 முதல் 1,000 ஆர்.பி.எம். வரையிலும் தேவைப்படுகின்றன. அதே எஞ்சின் சாலையில் நிதானமாக ஓடும்போதோ, முன்பு கேட்ட அளவு பெட்ரோலைத்தான் ஏறக்குறைய கேட்கிறது. இந்த முரண்பாட்டை ஒவ்வொரு கார்புரேட்டரும் எப்படிச் சமாளிக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டின் மையம்.

அடுத்தது, பி-சீரிஸ் எஞ்சினுக்கே உரிய சிக்கல். இதன் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் துளைகள்தான் உண்டு. 1-உம் 2-உம் ஒரு துளையைப் பகிர்ந்துகொள்கின்றன, 3-உம் 4-உம் இன்னொன்றை. தீப்பொறி வரிசை 1-3-4-2 என்பதால், ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிலிண்டர்கள் 180 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து உறிஞ்சும். பிறகு 540 டிகிரிக்கு அந்தத் துளையில் புது உறிஞ்சல் எதுவும் தொடங்காது. அசல் கேம்ஷாஃப்டில் இரண்டு உறிஞ்சல்களும் 72 டிகிரி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன என்றால், 270 டிகிரியில் அது 90 டிகிரியாகிறது. அதாவது, பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே துளையில் ஒரே நேரத்தில் போட்டி போடும் காலம் கூடுகிறது. நடுச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளும் ஓரச் சிலிண்டர்களின் பிளக்குகளும் வேறு வேறு நிறத்தில் வந்தால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஹெட்டின் அமைப்பே அப்படி. வெபர் பெற்ற புகழில் பெரும்பகுதி, சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் என்ற ஏற்பாட்டால் வந்தது. எம்.ஜி.பி.யில் அந்த ஏற்பாட்டுக்கே இடமில்லை. ஒரு 45 டி.சி.ஓ.இ.யின் இரண்டு குழாய்களும், இரண்டு எஸ்.யூ.க்களைப் போலவே, தலா இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுகின்றன.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. கேம்ஷாஃப்ட் பற்சக்கரங்களில் உள்ள புள்ளிகளை நேராக வைத்துவிட்டால் டைமிங் சரியாகிவிடும் என்று நம்பக்கூடாது. டிகிரி தட்டும் டயல் கேஜும் வைத்து, இன்லெட் வால்வு முழு உயரத்தில் நிற்கும் கோணத்தை அளக்க வேண்டும். அசல் கேம்ஷாஃப்டில் அது உச்சிக்கு 110 டிகிரி பின். புதியதற்கு, அதோடு வரும் அட்டையில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அவ்வளவு. சில டிகிரி தவறியிருந்தாலும், கேம்ஷாஃப்டோடு பற்சக்கரத்தைப் பூட்டும் சாவித் துண்டை மாற்றித் திருத்திக்கொள்ளலாம். திருத்தாமல் விட்டால் எந்தக் கார்புரேட்டரும் காப்பாற்றாது. வால்வு இயக்கத்தில் விடப்படும் சிறு இடைவெளியான டேப்பட் கிளியரன்ஸும் அதே அட்டையில் உள்ளபடிதான் இருக்க வேண்டும், பழைய 0.015 அங்குலம் என்ற வழக்கப்படி அல்ல. தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், ஐட்லிங்கில் அட்வான்ஸை (தீப்பொறி முன்னதாக வரும் அளவை) கூட்டுகிறவர்கள், மொத்த அட்வான்ஸ் 32 டிகிரி அளவைத் தாண்டாதபடி உள்ளேயிருக்கும் எடைகளின் பயணத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் மேல் வேகத்தில் எஞ்சின் தட்டும். கடைசியாக, த்ராட்டில் தண்டு. ஐட்லிங்கில் ஓடும்போது தண்டின் இரு முனைகளிலும் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சினால் எஞ்சினின் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் தண்டு தேய்ந்து காற்றை உள்ளே விடுகிறது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷை மாற்றாமல் டியூன் செய்வது வீண் வேலை.

இனி ஹெச்.எஸ்.4. ஒன்றரை அங்குலக் குழாய் கொண்ட இந்தக் கார்புரேட்டரில், காற்றின் தேவை கூடக்கூட, கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு பிஸ்டன் தானே மேலெழும்புகிறது. பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பு ஊசி பெட்ரோல் வரும் துளையான 0.090 அங்குல ஜெட்டிலிருந்து வெளியே வர வர, ஊசிக்கும் ஜெட்டுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளி பெரிதாகிப் பெட்ரோல் கூடுகிறது. தனி ஐட்லிங் ஜெட்டோ, தனி மெயின் ஜெட்டோ இதில் இல்லை. எஞ்சினின் எல்லா வேகத்துக்கும் ஊசியின் வடிவமே விடை சொல்கிறது. கலவையைத் திருத்த வெளியே இருப்பது ஜெட்டின் அடியிலுள்ள ஆறு பட்டை நட் ஒன்றுதான். வழக்கமான தொடக்க நிலை, முழுவதும் மேலேற்றிய பின் 12 பட்டை கீழிறக்குவது.

வேக கேம்ஷாஃப்ட் போட்டவர்கள் செய்யும் பொதுவான தவறு இந்த நட்டில்தான் தொடங்குகிறது. ஐட்லிங் தடுமாறுகிறது, நட்டை இரண்டு பட்டை இறக்குகிறார்கள், எஞ்சின் அமைதியடைகிறது. ஆனால் நட்டை இறக்கும்போது ஜெட் கீழே போவதால், ஊசியின் முழு நீளத்துக்கும் இடைவெளி கூடிவிடுகிறது. நெடுஞ்சாலையில் பிளக்குகள் கரி பிடிக்கின்றன, மைலேஜ் விழுகிறது, பிக்கப் மந்தமாகிறது. நட்டைத் திரும்ப ஏற்றினால் ஐட்லிங் மறுபடி தடுமாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, எஸ்.யூ. இந்தக் கேம்ஷாஃப்டுக்கு ஆகாது என்ற முடிவுக்கு வந்து, வெபருக்குப் பணம் கட்டுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு இது. ஏனென்றால் இங்கே குறை கார்புரேட்டரில் இல்லை, மாற்றாமல் விட்ட ஊசியில் இருக்கிறது.

ஊசியின் விட்டம் எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அளந்து அட்டவணையாகக் கிடைக்கிறது. ஆரம்பகால எம்.ஜி.பி.க்கு அசலாக வந்தது 5 என்ற எண் கொண்ட ஊசி. பெட்ரோல் கூடுதலுக்கு 6, குறைவுக்கு 21 என்று தொழிற்சாலையே குறிப்பிட்டிருந்தது. வேக கேம்ஷாஃப்டுக்கு நாம் தேடுவது, முதல் இரண்டு மூன்று புள்ளிகளில் 5-ஐவிடச் சற்று மெலிந்தும், நடுப்பகுதியில் ஏறக்குறைய அதே விட்டத்திலும், நுனியில் மறுபடி சற்று மெலிந்தும் இருக்கும் ஊசி. முதல் மெலிவு ஐட்லிங்குக்கு, கடைசி மெலிவு 4,000-க்கு மேல் எஞ்சின் புதிதாக இழுக்கும் காற்றுக்கு. எஸ்.யூ. பட்டியலில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இருப்பதால் பொருத்தமான ஒன்று கிடைத்தே தீரும். எந்தப் புள்ளி எந்த வேகத்துக்கு என்பதைக் கண்டுபிடிக்க, காரை ரோலிங் ரோடில் (நின்ற இடத்திலேயே உருளைகளின் மேல் சக்கரங்களை ஓட்டிச் சோதிக்கும் கருவியில்) ஏற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, நான்காம் கியரில் 3,000 ஆர்.பி.எம்.இல் சாலைச் சுமையை வைத்து ஓட்டிப் பாருங்கள். அது சாலையில் மணிக்குச் சுமார் 54 மைல் வேகம். அப்போது பிஸ்டன் கால் அங்குலம் உயர்ந்து நின்றால், அந்த வேகத்தை ஏறத்தாழ மூன்றாம் புள்ளி ஆள்கிறது என்று அறியலாம். இப்படி இரண்டு மூன்று வேகங்களில் குறித்துக்கொண்டால், ஊசி தேர்வு ஊகமாக இல்லாமல் கணக்காகிவிடும். வாங்கும்போது ஒரு கவனம்: முந்தைய கார்களின் ஊசி அசையாமல் நிற்பது, பிந்தைய கார்களில் ஸ்பிரிங் வைத்து ஒருபக்கம் சாய்ந்து நிற்பது, மூன்றெழுத்துக் குறி கொண்டது. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

பிஸ்டனின் மேல் உள்ள டேம்பரில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் போதுமானது. வேக கேம்ஷாஃப்டால் பிஸ்டன் ஐட்லிங்கில் துள்ளுகிறது என்று கெட்டியான கியர் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. துள்ளல் குறையும், ஆனால் த்ராட்டிலை மிதிக்கும்போது பிஸ்டன் எழத் தாமதித்து, குளிர்காலக் காலையில் கார் மூச்சுத் திணறும். பிந்தைய கார்புரேட்டர்களின் த்ராட்டில் தகட்டில் ஸ்பிரிங் வைத்த சிறு வால்வு ஒன்று இருக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங் ஒருபோதும் நிலைக்காது என்பதால் அதற்குப் பதில் வால்வும் துளையும் இல்லாத தகட்டைப் போட்டுவிடுவது நல்லது. இவ்வளவுக்கும் ஆகும் செலவு, வெபர் தொகுதி ஒன்றின் விலையில் சிறு பகுதிதான்.

ஒன்றே முக்கால் அங்குல ஹெச்.எஸ்.6 இரட்டையர், ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி.யில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை. குழாயின் பரப்பளவு ஹெச்.எஸ்.4-ஐவிட 36 சதவீதம் கூடுதல். எஸ்.யூ.வில் பிஸ்டன் தேவைக்கேற்பவே எழும்புவதால், பெரிய அளவு போட்டாலும் கீழ் வேகத்தில் எஞ்சின் செத்துப்போவதில்லை. இது அதன் பெரிய பலம். ஆனால் துளைகளைச் செதுக்கி, பெரிய இன்லெட் வால்வு வைத்த ஹெட் இல்லாமல் இந்தக் கூடுதல் பரப்பால் பயன் மிகக் குறைவு. கூடவே மெனிஃபோல்டின் துளையையும் அதே அளவுக்கு விரிக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பில் ஒரு படி நின்று காற்றைத் தடுக்கும். கேம்ஷாஃப்ட் மட்டும் மாற்றியவருக்கு இது அவசியமில்லாத செலவு.

வெபர் 45 டி.சி.ஓ.இ.யின் உண்மையான பலம், மேலே சொன்ன முரண்பாட்டை நேரடியாகத் தீர்ப்பது. ஐட்லிங்குக்குத் தனி ஜெட், அதிலிருந்து மெயின் ஜெட்டுக்கு மாறும் இடைவெளிக்கு முன்னேற்றத் துளைகள், மேல் வேகத்துக்கு மெயின் ஜெட், அதன் கலவையை வேகத்துக்கேற்பத் திருத்த எமல்ஷன் குழாயும் ஏர் கரெக்டரும், மிதிக்கும்போது பீய்ச்ச ஒரு பம்ப் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோலைக் கூட்டினால் மேல் வேகம் கெடாது. எம்.ஜி.பி.க்கு 36 மி.மீ. சோக் குழலில் (காற்று கடக்கும் குறுகிய கழுத்து) தொடங்குவது வழக்கம். சோக் அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட்டின் தொடக்க அளவு கிடைக்கும் என்ற பழைய கணக்குப்படி 145 அளவில் வரும். ஒரு குழாய்க்கு இரண்டு சிலிண்டர் என்பதால் இந்த எஞ்சினில் அதற்கு மேலும் போக வேண்டியிருக்கும்.

ஆனால் பலவீனமும் இதே எஞ்சினில்தான் வெளிப்படுகிறது. வெபரின் சோக் அளவு நிலையானது, எஸ்.யூ. பிஸ்டனைப் போலத் தானே சுருங்கிக் காற்றை வேகப்படுத்தாது. கீழ் வேகத்தில் வேக கேம்ஷாஃப்ட் ஒரு பகுதிக் காற்றைப் பின்னுக்குத் தள்ளும்போது, அதே காற்று ஒருமுறை உள்ளே போகையிலும், திரும்பி வெளியே வருகையிலும், மறுபடி உள்ளே போகையிலும் மூன்று முறை பெட்ரோலைச் சேர்த்துக்கொள்கிறது. 2,000-க்கும் 3,000-க்கும் இடையில் எஞ்சின் திணறுவதும், காற்றுக் குழல்களின் வாயில் பெட்ரோல் மூடுபனி போல நிற்பதும் இதனால்தான். பந்தயத்தில் அந்த வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை. தொழிற்சாலையின் பந்தய எம்.ஜி.பி.க்கள் ஒற்றை வெபரைத் தேர்ந்தெடுத்ததில் முழு நியாயம் இருக்கிறது. கிராமத்துச் சாலையிலும் நகர நெரிசலிலும் ஓடும் கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த வேகத்தில்தான் கழிக்கிறது.

வெபருக்குப் போகிறவர் கவனிக்க வேண்டிய சில்லறைக் காரியங்களும் நிறைய. 1960-களின் இறுதியிலிருந்து எம்.ஜி.பி.யின் எஞ்சின் ஆவியை உறிஞ்சும் குழாய் எஸ்.யூ. கார்புரேட்டரின் உடலிலேயே இணைக்கப்பட்டது. வெபரில் அதற்கு இடமில்லை, வேறு வழி செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிட இணைப்புக்கும் அதே கதி. காற்றுக் குழலும் ஃபில்டரும் சேர்ந்தால் எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இடம் நெருக்கும் என்பதால் மெனிஃபோல்டைக் குட்டையாக்க நேரிடும்; அப்படிக் குட்டையாவதே கீழ் வேகத்தில் இழுவையை மேலும் குறைக்கிறது. பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெட்டுகளை வாங்கி வாங்கி மாற்றி, ரோலிங் ரோடில் அரைநாளாவது செலவிடாமல் வெபர் சரியாக அமைந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒற்றை ஹெச்.ஐ.எஃப்.44-ஐப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். 44 மி.மீ. குழாய் ஒன்றுதான் என்பதால் இரட்டை ஹெச்.எஸ்.4-இன் மொத்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. ஆனால் நான்கு சிலிண்டர்களும் ஒரே கார்புரேட்டரிலிருந்து 180 டிகிரிக்கு ஒருமுறை சீராக உறிஞ்சுவதால், கணக்கு காட்டும் அளவுக்குக் குறை தெரிவதில்லை. பிஸ்டன் துள்ளலும் குறைகிறது. இரண்டு கார்புரேட்டர்களின் காற்றைச் சமப்படுத்தும் வேலையே இல்லை. நீண்ட மெனிஃபோல்டு குளிரில் பெட்ரோலைச் சுவரில் ஒட்டவைக்கும் என்பது குறை. காரை அடிக்கடி திறந்து பார்க்க விரும்பாதவருக்கு இது நல்ல தேர்வு. காரின் அசல் தோற்றத்தை மதிப்பவருக்கு அல்ல.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அளவிடும் கருவிகளை அப்படியே நம்பக்கூடாது. கார்புரேட்டர் பிஸ்டனை மிகச் சிறிதளவு தூக்கி எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் எஸ்.யூ.வின் பழைய சோதனை, ஐட்லிங்கே ஒழுங்கில்லாத எஞ்சினில் தெளிவான பதில் தராது. எக்ஸாஸ்டில் பொருத்தும் வைட்பேண்ட் சென்சார் மேல் வேகத்தில் மிக நம்பகமானது. ஐட்லிங்கில் மட்டும், எரியாமல் தப்பிவரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கண்டு பெட்ரோல் குறைவு என்று பொய் சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் பிளக்குகள் நனைந்துவிடும். ஐட்லிங்கைக் காதால் கேட்டும், மெனிஃபோல்டு வெற்றிட மானி எங்கே அதிகபட்சமாக நிலைக்கிறது என்று பார்த்தும் அமைத்துவிட்டு, 1,500-க்கு மேல் மட்டும் சென்சாரைக் கேட்பது நல்லது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டதால் பழைய ஊசி அட்டவணைகளைவிடச் சற்றுக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். எந்தப் பெட்ரோலை வழக்கமாக ஊற்றுகிறீர்களோ அதை வைத்தே டியூன் செய்யுங்கள்.

ஹெச்.எஸ்.4 உண்மையிலேயே சிறியதாகிவிட்டதா என்பதைப் பணம் செலவழிக்கும் முன் சோதிக்க முடியும். ஊசி சரியாக அமைந்த பின், ரோலிங் ரோடில் முழு த்ராட்டிலில் ஓட்டி, இரண்டு கார்புரேட்டர்களின் பிஸ்டன்களும் எந்த ஆர்.பி.எம்.இல் உச்சியைத் தொடுகின்றன என்று பாருங்கள். திறன் உச்சத்துக்கு வெகு முன்பே அவை மேலே முட்டி நின்றால், காற்று தடைபடுகிறது, ஹெச்.எஸ்.6-க்குப் போவதில் பொருள் இருக்கிறது. எஞ்சின் தன் உச்சத் திறனைத் தாண்டும்போதும் பிஸ்டன்கள் மேலெழ இடம் மீதி இருந்தால், பெரிய கார்புரேட்டரிலிருந்து அந்த எஞ்சினுக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. அந்தப் பணத்தை ஹெட்டுக்கோ எக்ஸாஸ்டுக்கோ செலவிடலாம்.